கைத்தடியின் இடம்

தென்காசிச் சாலையோரம் ஒரு டீக்கடை. கடைக்குப் பின்னால் ஒட்டினாற்போல் வீடு. அந்த வீட்டில் ஒரு காலத்தில் ஒரு கைத்தடி வாழ்ந்துவந்தது. நல்ல மனசுக்காரக் கைத்தடிதான். ஆனால் தான் இல்லாவிட்டால் அந்தக் குடும்பமே குடைசாய்ந்துவிடும் என்கிற நினைப்பு அதற்கு உண்டு.

அந்த நினைப்பில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. கடைக்காரி சண்முகக்கனி பல வருஷமாக அடுப்படியில் நின்றே பிழைத்தவள். நிற்பதையாவது ஒழுங்காக நிற்பாளா? மொத்தப் பாரத்தையும் வலது காலில் போட்டு, இடது காலைச் சும்மா மடக்கி வைத்துக்கொண்டுதான் வடை தட்டுவாள். வலது இடுப்பும் வாயைத் திறக்காமல் சுமந்தது. ஒருநாள் அதற்கும் பொறுக்கவில்லை. டீ கொடுக்கத் திரும்பியவளை அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க வைத்துவிட்டது.

அன்றைக்கே அவள் புருஷன் இசக்கிதுரை கைத்தடியை வாங்கி வந்தான். சண்முகக்கனி அதை வலது கையில் பிடித்தாள். வலி வலது பக்கம், துணையும் வலது பக்கம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அவள் பார்த்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் பிடித்தார்கள்.

கைத்தடி இடுப்போடு ஒட்டிக்கொண்டது.

"நீ ஒண்ணும் செய்ய வேண்டாம். பக்கத்துலயே நான் இருக்கேன்லா, எல்லாத்தையும் நான் பாத்துக்கிடுதேன்," என்றது.

"நானும் இருக்கேன்," என்றது கூடத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலி. யாரைக் கண்டாலும் உட்காரச் சொல்வதுதான் அதற்குத் தெரிந்த ஒரே உபசாரம். "அவள எந்திரிக்கவே விடாத. பாவம், வலிக்கும்."

இப்படி இரண்டும் சேர்ந்து தாங்கு தாங்கென்று தாங்கியதில், இடுப்பு வேலை மறந்து இளைத்துப்போனது. சண்முகக்கனி எழுந்து நடந்தால் உடம்பு மொத்தமும் வலது பக்கமே சாய்ந்தது. கடைப்பக்கம் போவதே நின்றுபோனது. அங்கே இசக்கிதுரை ஒற்றை ஆளாய் அல்லாடினான். வடை கருகும் வாசனை வீட்டுக்குள் வரும்போதெல்லாம் அவளுக்குக் கண் கலங்கும்.

"இனிமே நான் அடுப்புல நிக்கவே மாட்டேனாங்க?" என்று ஒருநாள் கேட்டாள்.

மறுநாளே இசக்கிதுரை கடையை அடைத்துவிட்டு, அவளை ஆட்டோவில் ஏற்றி, பிசியோதெரபி செய்கிற நஸ்ரினிடம் கூட்டிப்போனான்.

நஸ்ரின் அவளை நடக்கச் சொல்லிப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் வந்து கைத்தடியைத் தொட்டாள்.

"அக்கா, இத இடது கைக்கு மாத்துங்க."

"வலி இந்தப் பக்கம்லா டாக்டர்?"

"அதுக்குத்தான் சொல்லுதேன். வலிக்கிற பக்கமே ஊணுனா ஒடம்பு அங்கயே போய்ச் சாயும். எதிர்க்கையில பிடிச்சு, வலது காலும் கம்பும் ஒண்ணா முன்ன போகணும். அப்பத்தான் இடுப்புக்குப் பாரம் கொறையும்."

கைத்தடிக்கு முகம் சுண்டிவிட்டது. இத்தனை நாள் ஒட்டி நின்றவனைப் பிடித்து எதிர்ப்பக்கம் தள்ளினால் யாருக்குத்தான் பொறுக்கும்? இடது கையில் வேண்டாவெறுப்பாக நடந்தது. நாலடி போனதும் அந்தப் பக்கத்திலிருந்து இடுப்பின் குரல் கேட்டது.

"ஏய், நீ அங்க போனதும் எனக்கு லேசா இருக்கே!"

"அப்ப பக்கத்துல நின்னது?"

"கோவிச்சுக்கிடாத. நீ ஒட்டி நின்னது ஆறுதலாத்தான் இருந்துச்சு. ஆனா லேசா இல்ல."

திரும்பும்போது கைத்தடி ஆட்டோவின் மூலையில் போய்ப் படுத்துக்கொண்டது.

நஸ்ரின் கொடுத்தனுப்ப, வீட்டுக்குப் புது ஆள் ஒன்று வந்து சேர்ந்தது. பச்சை நிறத்தில் ஒரு ரப்பர் பட்டை. இங்கிதம் என்றால் என்ன விலை என்று கேட்கும் ரகம். சண்முகக்கனி பாயில் ஒருக்களித்துப் படுத்தால், இரண்டு தொடைகளையும் சேர்த்து வளைத்துக்கொண்டு, "தூக்கு, முட்டியத் தூக்கு," என்று இடுப்பை அதட்டும்.

"வலிக்குது!" என்று அலறியது இடுப்பு.

"குத்துதா, இழுக்குதா?"

"இழுக்குது."

"இழுத்தா பரவால்ல, அது நீ வேலை செய்யுத அசதி. குத்துனா சொல்லு, ஒடனே நிறுத்திருவோம்."

"எரக்கமில்லாத பய," என்று முணுமுணுத்தது நாற்காலி.

பட்டைக்கு இரக்கம் இருந்தது, கொஞ்சிப் பேசத்தான் தெரியவில்லை. தினமும் காலையில் பட்டை இழுத்தது, இடுப்பு முனகியது, இசக்கிதுரை கடைக்கும் கூடத்துக்கும் ஓடி ஓடி, "இன்னும் கொஞ்சம், கனி, இன்னும் கொஞ்சம்," என்றான். ஒன்றிரண்டு தடவை நிஜமாகவே குத்தியது. அன்றெல்லாம் நிறுத்தினார்கள். அடுத்த நாள் மறுபடி தொடங்கினார்கள். மழைக்காலம் முடிவதற்குள் இடுப்பில் பழைய தெம்பு ஊறத் தொடங்கியிருந்தது.

"வீட்டுக்குள்ள இனி கம்பு வேண்டாங்க்கா. வெளிய தெருவ போகும்போது மட்டும் எடுத்துக்கிடுங்க," என்றாள் நஸ்ரின்.

சண்முகக்கனி தலையாட்டினாள். ஆட்டினாளே ஒழிய, வீட்டுக்கு வந்து எழுந்திருக்கும்போதெல்லாம் கை தானாகக் கைத்தடியிடம் போனது. பயம். அப்போது கைத்தடி, 'நட தாயி, உன்னால முடியும்' என்று சொல்லியிருக்க வேண்டும். அது என்ன சொன்னது தெரியுமா?

"வா வா, நான் இருக்கேன்."

சொல்லும்போதே அதற்குக் குற்றமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த உள்ளங்கையின் சூட்டை விட மனசு வரவில்லை. அவள் தானாக நடந்துவிட்டால் பிறகு தன்னை யார் தொடுவார்கள்?

ஆணியில் தொங்கிய பட்டை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஒண்ணு கேக்கேன், மறைக்காமச் சொல்லு. அவ நடக்கணும்னு ஆசப்படுதியா, ஒன்னப் பிடிச்சிக்கிட்டே நடக்கணும்னு ஆசப்படுதியா?"

கைத்தடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது.

அந்த வாரமே ஒரு சாயங்காலம். கடை வாசலில் கல்யாண வேன் ஒன்று வந்து நின்று, ஆட்கள் திமுதிமுவென்று இறங்கினார்கள். இசக்கிதுரை இரண்டு கையிலும் டம்ளர்களோடு கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டான். அடுப்பில் பால் மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"கனி! பாலு, பாலு!"

சண்முகக்கனி எழுந்துவிட்டாள்.

கைத்தடி சுவரில் சாய்ந்து, கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றது. அவள் அதைப் பார்க்கவில்லை.

"கம்பே, கூப்பிடு! விழுந்துகிழுந்து தொலைக்கப்போறா!" என்று பதறியது நாற்காலி.

இரண்டடி வைத்ததும் இடுப்பும் தடுமாறிக் கேட்டது: "நீ எங்க இருக்க?"

கைத்தடி சறுக்கித் தரையில் விழுந்து ஒரு சத்தம் கொடுத்தால் போதும், அவள் நின்று திரும்பிவிடுவாள். மறுபடியும் அந்தக் கை வரும். ஆனால் அந்தக் கையின் சூட்டைவிட அவளை அதிகம் நேசித்தது கைத்தடி. சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு மூச்சுக்காட்டாமல் நின்றது.

பதில் வராததால் இடுப்பு வேறு வழியில்லாமல் தன்னையே நம்பியது. மூன்றாவது அடி நேராக விழுந்தது. நிலைப்படியைத் தாண்டி, கடைக்குள் போய், பொங்கி வழிய இருந்த பாலுக்கு அடுப்பைத் தணித்தாள் சண்முகக்கனி. கையோடு கரண்டியை எடுத்து வடையையும் திருப்பிப் போட்டாள்.

இசக்கிதுரை டம்ளர்களோடு வாயைப் பிளந்து நின்றான்.

"ஏ கனி, கம்பு எங்க?"

அவள் தன் கைகளைப் பார்த்தாள். ஒன்றில் கரண்டி, ஒன்றில் பிடிதுணி.

"அடியாத்தி! மறந்தே போயிட்டேங்க!" என்று சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது.

வீட்டுக்குள் நாற்காலிக்கு மனசு ஆறவில்லை.

"கேட்டியா? இத்தன நாள் ஒழச்சியே, ஒன்ன மறந்தே போயிட்டாளாம்!"

"கேட்டேன்," என்றது கைத்தடி. "இன்னொரு தடவ சொல்லமாட்டாளான்னு காத்துக்கிட்டு நிக்கேன்."