நடையில் மஞ்சள் கோடு

காந்திமதியம்மைக்கு நாற்பத்திரண்டு வயது. அவளுடைய சீடர் கோமதிநாயகத்துக்கு அறுபத்தொன்று. அவர் அவளை அம்மா என்பார், அவள் அவரை அண்ணாச்சி என்பாள். யார் குரு, யார் சீடர் என்று புதிதாக வருகிறவர்கள் கொஞ்ச நேரம் முழிப்பார்கள்.

காலையில் அவளுக்குப் பால்வாடியில் பிள்ளைகளுக்குச் சோறு போடுகிற வேலை. சாயங்காலம் பத்துப் பேர் அவள் வீட்டுக்கு வந்து உட்கார்வார்கள். கேட்டால் பதில் சொல்வாள். கேட்காவிட்டால் தன் பாட்டுக்குக் கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள்.

அன்றைக்குக் கோமதிநாயகம் எல்லாருக்கும் முந்தி வந்து நின்றார். முகம் சரியில்லை.

"அம்மா, ஒரு பாதி சுத்தமா இருக்கு. இன்னொரு பாதி குப்பையாக் கெடக்கு. சுத்தமா வச்சிருக்கவன் என்ன செய்யணும்?"

"மனசைச் சொல்லுதியளா?"

"எங்க வீட்டு நடையைச் சொல்லுதேன்."

அவள் கீரைக்கட்டைத் தள்ளி வைத்தாள்.

அது அவர் அப்பா விட்டுப்போன வீடு. தெருவாசலில் ரெட்டைக் கதவு. உள்ளே நுழைந்தால் ஏழடி அகலத்தில் நீள நடை. அதன் கடைசியில் இடது பக்கம் கோமதிநாயகம் குடியிருப்பு, வலது பக்கம் தம்பி ஆவுடையப்பன் குடியிருப்பு. ஆறு வருஷத்துக்கு முன் பாகம் பிரித்தபோது வார்த்தை தடித்தது. அதோடு பேச்சு நின்றது.

நடை மட்டும் இருவருக்கும் பொது என்று பத்திரத்தில் இருந்தது. ஆனால் கோமதிநாயகம் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்துநாலு வருஷம் ஊரார் நிலத்தை அளந்த கை சும்மா இருக்குமா? டேப்பைப் பிடித்து அளந்து, வாசல் முதல் கடைசி வரை நட்ட நடுவில் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிட்டார். கோடு இம்மி பிசகவில்லை. அதில் அவருக்கு உள்ளூரப் பெருமைதான்.

அவர் பாதியில் உட்கார்ந்து சாப்பிடலாம். சாவிக்கு ஒரு கொக்கி, குடைக்கு ஒரு கொக்கி, சுவரை ஒட்டி ஜோடி ஜோடியாகச் செருப்பு. தம்பி தண்ணி மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவர். அவர் பாதியில் துருப்பிடித்த மோட்டார், பைப்பு, சாக்கு மூட்டை, இன்னும் என்னென்னவோ இடுப்பளவுக்குக் கிடந்தது. அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து வருஷங்கள் ஆகின்றன. தம்பி வீட்டார் புழக்கம் பின்வாசல் வழியாகத்தான்.

"வெள்ளிக்கிழமை எம் மக பகவதி தலைப்பிரசவத்துக்கு வரணும்மா. ஒத்தக் கதவு வழியா ஒருக்களிச்சுத்தான் நொழையணும். பைப்பு தடுக்குனா என்ன ஆவுறது? மருமகன் போன்ல சொல்லிட்டாரு, நடை இப்படியே கெடந்தா பிரசவத்தை அங்கயே பாத்துக்கிடுதோம்னு."

"தம்பிகிட்ட சொன்னியளா?"

"பேச்சே கெடையாதே."

"நீங்களே கொஞ்சம் ஒதுக்கி வச்சா?"

"அவன் பாதியில நான் கால் வைக்க மாட்டேன். ஆறு வருஷமா வச்சதில்ல."

இதைச் சொல்லும்போது மனுஷர் கொஞ்சம் நிமிர்ந்து நின்றார்.

"நாளைக்கு மத்தியானம் வாரேன்" என்று அவள் கீரைக்கட்டைத் திரும்ப இழுத்துக்கொண்டாள்.

மறுநாள் புதன்கிழமை. சொன்னபடி வந்தாள். திறந்திருந்த ஒற்றைக் கதவு வழியாக நுழைந்து, இடது கால் செருப்பைக் கழற்றிச் சுவரோரம் மற்றச் செருப்புகளோடு வரிசையாக வைத்தாள். பிறகு வலது காலை ஒரு உதறு உதறினாள். செருப்பு கோட்டைத் தாண்டிப் பறந்துபோய் மோட்டாருக்குப் பின்னால் எங்கேயோ விழுந்தது.

கோமதிநாயகம் வாயைத் திறந்தார்.

"மோர் இருக்கா அண்ணாச்சி? வெயில் கொல்லுது."

மோர் வந்தது. குடித்தாள். நடையை மேலும் கீழும் பார்த்து, "உங்க பாதி கோயில் பிராகாரம் மாதிரி இருக்கு" என்றாள். அவருக்குக் குளிர்ந்துபோயிற்று. புறப்படும்போது இடது செருப்பை மட்டும் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

"அம்மா, இன்னொரு செருப்பு?"

"அது அந்தப் பாதியில கெடக்கு."

"தார் ரோடும்மா. கால் பொரிஞ்சு போகும்!"

"பாதி நல்லாத்தான இருக்கு அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, ஒரு கால் ஊன்றியும் ஒரு கால் துள்ளியும் தெருமுனை வரை போய் மறைந்தாள்.

கோமதிநாயகத்துக்குச் சோறு இறங்கவில்லை. குருவைக் கொளுத்துகிற வெயிலில் ஒற்றைச் செருப்போடு அனுப்பிய சீடன் என்று ஊர் பேசும். ஊரை விடுங்கள், அவருக்கே தாங்கவில்லை. ஆனாலும் வைராக்கியம் வைராக்கியம்தான். முருங்கைக்காய் பறிக்கிற தொரட்டிக் கம்பை எடுத்து வந்தார். கோட்டுக்கு இந்தப் பக்கம் குப்புறப் படுத்துக்கொண்டு, கம்பை மட்டும் அந்தப் பக்கம் விட்டுத் துழாவினார். கை தாண்டவில்லை, கம்புதானே தாண்டுகிறது என்று கணக்கு.

கொக்கி எதிலோ மாட்டியது. இழுத்தார். பைப்பு அத்தனையும் சரிந்து, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு சத்தம்.

ஆவுடையப்பன் சாப்பிட்ட கையோடு ஓடி வந்தார். அண்ணன் தரையில் குப்புறக் கிடப்பதைப் பார்த்து ஒரு கணம் பதறித்தான் போனார். பிறகு கம்பைப் பார்த்தார்.

"என்ன தேடுதிய?"

ஆறு வருஷத்தில் முதல் வார்த்தை அது.

"செருப்பு."

"யாரு செருப்பு?"

"காந்திமதியம்மை செருப்பு. ஒத்தச் செருப்பு."

"இந்தப் பக்கம் வந்து எடுங்க."

"கோடு இருக்கு."

"கோடு நீங்க போட்டதுதான?"

கோமதிநாயகம் எழுந்தார். வேட்டியைத் தட்டினார். அங்கே இங்கே பார்த்தார். பிறகு, வாய்க்காலைத் தாண்டுகிறவர் மாதிரி காலைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்.

இரண்டு பேருமாகச் சாமான்களை விலக்கினார்கள். மோட்டார் நகர்ந்தது. ஒரு சாக்கு நகர்ந்தது. அதற்கு அடியிலிருந்து ஒரு கம்பிக் குடை வந்தது.

"இதையெல்லாம் எதுக்குடா சேத்து வச்சிருக்க? துணியே இல்ல."

"அது உங்க குடை."

கோமதிநாயகம் குடையைத் திருப்பிப் பார்த்தார். பிடியில் அவருடைய ஆபீஸ் எண் செதுக்கியிருந்தது.

அடுத்து ஒரு கால் போன நாற்காலி வந்தது. அவருடையது. பகவதியின் பள்ளிக்கூடப் பை வந்தது. கிழிந்த பாய், பழைய காலண்டர்கள், மூடியில்லாத பிளாஸ்க். கடைசியாக ஒரு பெயிண்ட் டப்பா, அதில் காய்ந்து ஒட்டிப்போன பிரஷ், மஞ்சள் நிறம்.

அவர் கால்தான் தாண்டியதில்லை. பெருக்கும்போது துடைப்பம் தாண்டியிருக்கிறது. வேண்டாததைப் 'போகட்டும்' என்று எத்திவிட்டபோது அதுவும் தாண்டியிருக்கிறது. அந்தக் குவியலில் பாதிக்கு மேல் அவருடையதுதான்.

"ஏண்டா, இதைத் தூக்கித் தெருவுல எறிஞ்சிருக்கலாம்லா?"

ஆவுடையப்பன் எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார்: "உங்க சாமான். என்னைக்காவது கேட்டு வருவியன்னு வச்சிருந்தேன்."

கோமதிநாயகம் அங்கேயே உட்கார்ந்தார். அழுகை வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அறுபத்தொரு வயதில் நடையில் உட்கார்ந்து ஒரு ஆள் அப்படி அழுவதைத் தம்பி பார்த்ததில்லை. அவருக்கும் கண் கலங்கியது. காய்ந்த கையை லுங்கியில் துடைத்துக்கொண்டார்.

"எந்திரிங்கண்ணே. வெள்ளிக்கிழமை புள்ள வாரா. வேலை கெடக்கு."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"நடுச் சுவரு ஒண்ணுதான. நீங்க போன்ல பேசுதது மூணாவது வீட்டுக்குக் கேக்கும்."

வியாழக்கிழமை சாயங்காலம் கோமதிநாயகம் செருப்போடு குரு வீட்டுக்குப் போனார். கழுவித் துடைத்து, காகிதத்தில் சுற்றிக் கொண்டுபோனார். காந்திமதியம்மை கிணற்றடியில் வலது பாதத்தில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். அன்று காலை பால்வாடிக்கும் அப்படியேதான் போய் வந்திருக்கிறாள். பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பாம்.

"கெடச்சிட்டா?"

"கெடச்சிட்டும்மா."

"நடை?"

அவர் மூச்சு விடாமல் சொன்னார். மோட்டார் எல்லாம் தம்பி கடைக்குப் போய்விட்டது. உடைசல் அத்தனையும் பழைய இரும்புக்காரர் வண்டியில் ஏறிவிட்டது. மிஞ்சிய பைப்பை வெட்டித் தம்பி ஒரு செருப்பு ஸ்டாண்டு அடித்திருக்கிறான். மேல் தட்டு ஒரு வீட்டுக்கு, கீழ்த் தட்டு ஒரு வீட்டுக்கு என்று இவர் சொன்னாராம். அவன் கேட்காத மாதிரி எல்லாச் செருப்பையும் கலந்து வைத்துவிட்டானாம். கீலுக்கு எண்ணெய் விட்டு அந்தப் பக்கத்துக் கதவையும் திறந்தாகிவிட்டது. வெளிச்சம் நடையின் கடைசி வரைக்கும் வருகிறது. மருமகனுக்குப் போட்டோ எடுத்து அனுப்பியாயிற்று. காலை பஸ்ஸில் கூட்டி வருகிறார்.

"பெறவென்ன அண்ணாச்சி?"

"கோடும்மா." அவர் குரல் இறங்கியது. "ரெண்டு கதவும் தொறந்தா, நடுவுல அதுதான் பளிச்சுன்னு தெரியுது. எனக்கே பாக்க வெக்கமா இருக்கு. மண்ணெண்ணெய் போட்டுத் தேச்சேன், சிமெண்டுத் தரையில ஊறிப் போச்சு, போவ மாட்டேங்கு."

"தம்பி என்ன சொல்லுதாரு?"

"'நல்ல பெயிண்டுண்ணே'ங்கான்."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"சிரிக்காதிய அம்மா. காலையில மக வந்திருவா. அதுக்குள்ள அதை இல்லாம ஆக்க ஒரு வழி சொல்லுங்க."

காந்திமதியம்மை எண்ணெய்க் கிண்ணத்தை மூடி வைத்தாள்.

"விடுங்க அண்ணாச்சி. வயித்துல புள்ளையோட வாரவ சுவரோரமா நடக்க மாட்டா. நடுவாலதான் மிதிச்சு வருவா."