தும்பை சொன்ன "வேண்டாம்!"

காட்டாற்றின் கரையில் தும்பை என்ற முயல் தன் இரண்டு குட்டிகளோடு ஒரு வளையில் வசித்து வந்தது.

ஒருநாள் பழம் விற்கும் குரங்கு அதை வழிமறித்தது. "உன் வீடு எங்கே என்று சொல், ஒரு வெள்ளரிப் பிஞ்சு இலவசம்!" என்றது.

சும்மாதானே கிடைக்கிறது என்று தும்பை இடத்தைச் சொல்லிவிட்டது.

மறுநாள் காலை வாசலில் ஒரு மைனா கத்தியது. "குரங்கண்ணன் கடையில் நாவற்பழம் மலிவு! சீக்கிரம் வாங்க!"

"வேண்டாம்!" என்றது தும்பை.

சற்று நேரத்தில் இன்னொரு மைனா வந்தது. "கரடியார் கடையில் தேனடை! சீக்கிரம்! தீரப்போகுது!"

"வேண்டாம் என்றால் வேண்டாம்!"

மறுக்க மறுக்க மைனாக்கள் பெருகின. குட்டிகளுக்குத் தூக்கம் போயிற்று. கடைசியில் தும்பை யாரென்று பார்ப்பதையே விட்டுவிட்டது. குரல் கேட்டால் போதும், "வேண்டாம், போ!" என்று உள்ளிருந்தே கத்தும்.

ஒரு மாலை பக்கத்துப் புல்வெளியில் வாழும் ஆள்காட்டிக் குருவி பதறிக்கொண்டு வந்தது. "தும்பை அக்கா! வெளியே வா! சீக்கிரம்!"

"வேண்டாம், போ!"

புதருக்குள் பதுங்கியிருந்த காட்டுப்பூனைக்கு அந்தக் குரலே வழிகாட்டியது. வளைக்குள் அதன் கை பாய்ந்தது. தும்பை குட்டிகளைப் பின்வழியாகத் தள்ளிவிட்டுத் தானும் தப்பியது. ஆனால் ஒரு காதில் பாதி போய்விட்டது.

மூன்றும் பக்கத்து முட்புதரில் ஒளிந்து கிடந்தன. பொழுது விடிந்ததும் மைனாக்கள் காலி வளையின் முன் வந்து கத்தின. பதில் இல்லை.

"தினமும் 'வேண்டாம்' என்றாவது சொல்வாள். அதனால்தான் ஆள் இருக்கிறது என்று எல்லோருக்கும் சொல்லிவைத்தோம்!" என்றது ஒன்று.

"இங்கே கத்தி என்ன பயன்? வா, போகலாம்!" என்றது மற்றொன்று.

தும்பை கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு அந்த முட்புதருக்கு அடியிலேயே புது வளை தோண்டியது. இடத்தை ஆள்காட்டிக்கு மட்டும் சொன்னது.

"ஆபத்து என்றால் கூப்பிடாதே தங்கச்சி, வாசலில் அலகால் தட்டு!"

சில நாள் கழித்து ஒரு மைனா அந்தப் பக்கமும் கூவிக்கொண்டு வந்தது. "வேண்டாம் என்று சொல்லட்டுமா அம்மா?" என்று சின்னக் குட்டி கிசுகிசுத்தது.

"மூச்சு விடாதே!"

மைனா கொஞ்ச நேரம் கத்திப் பார்த்துவிட்டுப் பறந்து போயிற்று. குட்டிகள் தூங்கின.

கேட்பவருக்கெல்லாம் இருப்பிடத்தைச் சொல்லாதே. அழைக்காமல் வந்து கூவுகிறவனுக்கு மறுப்பைக்கூடப் பதிலாகத் தராதே.