ஆற்றுக்கு முதுகு காட்டி நின்றவன்

முன்னொரு காலத்தில், ஆறு வளைந்து ஓடும் ஒரு நாட்டைச் செங்கோடன் என்ற மன்னன் ஆண்டுவந்தான். நாட்டின் பெயரைக் கேட்காதீர்கள். சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் என்னிடம் சண்டைக்கு வருவார்கள். மன்னன் நல்லவன்தான். ஆனால் ஒன்று மனத்தில் பட்டுவிட்டால் உடனே முரசு அறைந்துவிடுவான். யோசனையெல்லாம் அப்புறம்தான்.

அப்படித் தோன்றியதுதான் பிள்ளைப் படை. தெருவுக்குத் தெரு பிள்ளைகளைச் சேர்த்து, திருவிழாவில் தண்ணீர் கொடுக்கவும், மரம் நடவும், மலைக்கும் ஆற்றுக்கும் கூட்டிப் போகவும் ஏற்பாடு. கூட்டிப் போகிற இளைஞர்களுக்கு முன்னோடிகள் என்று பெயர். கூலி கிடையாது. தாமாக முன்வந்தவர்களுக்கு மன்னன் தன் கையாலேயே சிவப்புக் கச்சை கட்டிவிடுவான். அதற்குமேல் ஒரு கேள்வி கிடையாது.

ஓர் ஆடிப்பெருக்கு நாளில் அந்த வினை வந்தது. படித்துறையில் ஒரு பையன் கால் வழுக்கி ஆற்றில் விழுந்தான். கரையில் இருந்த முன்னோடிகள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் குதித்தார்கள். அவர்களைக் கோழைகள் என்று சொன்னால் நாக்கு அழுகிப் போகும். உயிரைப் பொருட்படுத்தாமல் நீந்தி, பையனை இழுத்துக் கரை சேர்த்தார்கள். ஆனால் மற்றப் பிள்ளைகளோடு கரையில் நிற்க ஒருவன்கூட மிஞ்சவில்லை. செல்லி என்ற சின்னப் பெண், தன் முன்னோடி தில்லைவனம் தண்ணீரில் பாய்வதைப் பார்த்து, "அண்ணே, நானும் வர்றேன்" என்று பின்னாலேயே இறங்கிவிட்டாள். பெரியவர்கள் யாரும் அதைப் பார்க்கவில்லை.

செல்லி திரும்பி வரவில்லை. எத்தனை முறை சொன்னாலும் இந்த இடத்தை என்னால் சட்டென்று தாண்ட முடிவதில்லை, என்ன செய்ய.

செல்லியின் அம்மா காத்தாயி, அரண்மனைக்குப் பூக்கட்டுகிறவள். அடுத்த ஆடி நெருங்கியபோது, அரசவை விகடகவி மருதக்கூத்தனைத் தேடி வந்தாள்.

"சாமி, சின்னவ மாரி படையில சேரணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. அக்கா போன எடமாச்சே, அதான். வேணாம்னா சோறு தண்ணி எறங்க மாட்டேங்குது அவளுக்கு. அனுப்பலாம்னா எனக்கு ஈரக்குலை நடுங்குது. நீங்க சொல்லுங்க, நம்பி அனுப்பட்டுங்களா?"

ஊரையே சிரிக்க வைக்கிற மருதக்கூத்தன், "கொஞ்சம் பொறு தாயி. கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் அவையில் அவன் எழுந்தான். "பெருமானே, அடியேனுக்கு ஒரு விண்ணப்பம். முன்னோடியாக வருகிறவர் எவராயினும், முதலில் ஓடக்காரர்களிடம் பயிற்சி பெற வேண்டும். பயிற்சி முடிந்த பிறகே கச்சை கட்ட வேண்டும். இதைக் கட்டாயமாக்குங்கள்."

பிரதானி அரியநாயகம் துள்ளி எழுந்தார். மன்னனின் தலைமை அமைச்சர், தில்லைவனத்தின் தாய்மாமன் அவர். விகடகவி வாயைத் திறந்தாலே அவருக்கு வயிறு எரியும். "மன்னா! இது என்ன அநியாயம்? கூலியின்றி, அன்பு ஒன்றினால் வருகிறவர்களை உட்காரவைத்துச் சோதிப்பதா? நாளை எவன் முன்வருவான்? பெற்ற தாய்க்குப் பயிற்சி கொடுத்தவர் யார்? நல்ல மனம் போதாதா? விகடகவி தொண்டர்களை அவமதிக்கிறார்!"

அவ்வளவுதான், மன்னனுக்கு வேகம் வந்துவிட்டது. "பிரதானி சொல்வதே சரி! தாமாக முன்வந்து தொண்டு செய்கிறவரிடம், 'உமக்கு இது தெரியுமா?' என்று இனி எவரும் கேட்கலாகாது. கேட்டவர் நாடு கடத்தப்படுவார். இது நம் ஆணை."

மருதக்கூத்தன் கைகூப்பினான். "உத்தரவு, பெருமானே. இந்த ஆணை அரண்மனைக்குள்ளும் செல்லுமா?"

"சமையலறை முதல் பள்ளியறை வரை செல்லும்!"

"மிகவும் நல்லது" என்று உட்கார்ந்துகொண்டான். பிரதானி மீசைக்குள் சிரித்தார். சிரிக்கட்டும், சிரிக்கட்டும்.

மறுநாள் காலை மன்னன் சவரத்துக்கு உட்கார்ந்தபோது, எதிரே கத்தியோடு நின்றவர் தோட்டக்காரக் கிழவர் பொன்னன். பக்தியிலும் முதுமையிலும் அவர் கை கிடுகிடுவென்று ஆடியது.

"பெருமானே, உங்கள்மேல் இவருக்குக் கொள்ளை அன்பு. தாமாகவே முன்வந்திருக்கிறார்" என்றான் மருதக்கூத்தன்.

மன்னன் வாயைத் திறந்தான். விகடகவி மெல்லச் செருமினான். மன்னன் வாயை மூடிக்கொண்டான். பிறகு, "இன்று வெள்ளிக்கிழமை. வெள்ளியில் சவரம் ஆகாது" என்றான்.

"இன்று செவ்வாய், பெருமானே."

"செவ்வாயிலும் ஆகாது!"

அன்றிலிருந்து மன்னன் தாடி வளர்க்க ஆரம்பித்தான். தாடி வளர்ந்ததே தவிர ஆணையை மாற்ற மனம் வரவில்லை. ராஜாவாயிற்றே, வீம்பு லேசில் போகுமா?

ஆடிப்பெருக்கு வந்தது. ஆறு கரை தொட்டுப் புரண்டது. ஆற்று நடுவே இருக்கும் அம்மன் கோவிலுக்கு இளவரசி குமுதவல்லி ஓடத்தில் போவது அந்த நாட்டு வழக்கம். குழந்தைக்கு ஏழெட்டு வயது இருக்கும். ஊரே படித்துறையில் கூடியிருந்தது. பிள்ளைப் படையும் கச்சை கட்டிய முன்னோடிகளும் ஒருபுறம் நின்றார்கள். காத்தாயி மாரியின் மணிக்கட்டை இறுகப் பற்றியபடி கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள்.

இளவரசி ஓடத்தில் ஏறி உட்கார்ந்ததும் மருதக்கூத்தன் உரக்கக் கேட்டான். "பிரதானியாரே, இளவரசியின்மேல் உமக்கு எவ்வளவு அன்பு?"

"இதென்ன கேள்வி? உயிரையே கொடுப்பேன்."

"உயிர் வேண்டாம், துடுப்பைப் பிடித்தால் போதும். இன்று ஓடம் செலுத்தும் தொண்டைத் தாங்களே ஏற்றால் எவ்வளவு பொருத்தம்!"

ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. உயிரைக் கொடுப்பேன் என்று சொன்னவர் துடுப்பைப் பிடிக்கமாட்டேன் என்று சொல்ல முடியுமா? பிரதானி பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடத்தில் ஏறினார். ஓடக்காரர்கள் இறங்கிக்கொண்டார்கள்.

மன்னன் முகம் வெளுத்துப்போயிற்று. "பிரதானி... உமக்கு இது..."

"பெருமானே, அந்தக் கேள்வி வேண்டாம்" என்றான் மருதக்கூத்தன். "மன்னரையே நாடு கடத்திவிட்டால் நாங்கள் எங்கே போவோம்?"

யாரும் சிரிக்கவில்லை.

பிரதானி துடுப்பை ஊன்றித் தள்ளினார். ஓடம் அசையவில்லை. மூச்சுப் பிடித்துத் தள்ளினார். முகமெல்லாம் தண்ணீர் தெறித்ததே தவிர ஓடம் அப்படியே நின்றது. இளவரசி அண்ணாந்து பார்த்து, "போவோமா, மாமா?" என்றாள். முடியாது என்ற சொல் வாய்வரை வந்தது, மானம் விடவில்லை. மறுபடியும் துடுப்பைத் தூக்கினார்.

அப்போது கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரு குரல் கேட்டது.

"மாமா! தெரியாதுன்னு சொல்லிடுங்க மாமா! உங்க கால்ல விழறேன், சொல்லிடுங்க!"

தில்லைவனம். செல்லி போன நாளிலிருந்து ஒருவரோடும் பேசாமல் இருந்த பையன். படியில் முழங்கால் மோத விழுந்து அழுதான். "எங்கிட்ட அன்னிக்கு யாருமே கேக்கல. கச்சையக் கட்டினாங்க, முதுகுல தட்டினாங்க. ஒருத்தர், ஒரே ஒருத்தர், 'உனக்கு இது தெரியுமாடா'ன்னு கேட்டிருந்தா தெரியாதுன்னு சொல்லியிருப்பேனே! கத்துக்குடுங்கன்னு கெஞ்சியிருப்பேனே! அந்தப் புள்ள இன்னிக்கு இருந்திருக்குமே!"

ஒரு வருஷமாக அவன் முகத்தைப் பார்க்காமல் இருந்த காத்தாயி அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். அவனும் சின்னப் பையன்தான் என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் பட்டது.

அரியநாயகம் துடுப்பைக் கீழே வைத்தார். "மன்னா, எனக்கு ஓடம் செலுத்தத் தெரியாது" என்றார். குரல் உடைந்திருந்தது.

"ஓடம் செலுத்துவது இருக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே மருதக்கூத்தன் தண்ணீருக்குள் கைவிட்டு ஒரு வடத்தைத் தூக்கிக் காட்டினான். ஓடம் இன்னும் கரை முளையில் கட்டியே கிடந்தது. வடத்தின் கரைப் பக்கத்து நுனிமேல் இரண்டு ஓடக்காரர்கள் சாவதானமாக உட்கார்ந்திருந்தார்கள். "புறப்படுமுன் வடத்தை அவிழ்க்க வேண்டும் என்பதே பிரதானியாருக்குத் தெரியவில்லை, பெருமானே. குழந்தையை வைத்து நான் விளையாடுவேனா?"

மன்னன் வடத்தைப் பார்த்தான், வியர்வை வழிய நின்ற பிரதானியைப் பார்த்தான். சிரிப்பு பீறிட்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்தவன் கண்ணில், படியில் கிடந்து அழுகிற தில்லைவனம் பட்டான். சிரிப்பு நின்றது. தாடியால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"குற்றம் இந்தப் பையனுடையது அன்று. கேட்காமல் கச்சை கட்டிய கை என்னுடையது" என்றான். "ஆணையைத் திரும்பப் பெற்றேன். இனிப் பயிற்சியில்லாமல் ஒருவனுக்கும் கச்சை இல்லை. மருதக்கூத்தா, இந்த முத்துமாலையைப் பெற்றுக்கொள்."

"மாலை கற்றுக்கொடுக்கப் போகிற ஓடக்காரர்களுக்கு இருக்கட்டும், பெருமானே. எனக்கு அந்தக் கேள்வியைக் கொடுங்கள். பிள்ளையை ஒப்படைக்கிற ஒவ்வொரு தாயும் அதை வாய்விட்டுக் கேட்க வேண்டும்."

"கொடுத்தேன்" என்றான் மன்னன். மாலையை ஓடக்காரர்களிடம் கொடுத்துவிட்டு, தன் கணையாழியைக் கழற்றி விகடகவியின் விரலில் போட்டான்.

அன்றே முன்னோடிகள் எல்லாரும் கச்சையை அவிழ்த்துக் கொடுத்தார்கள். அந்த வருஷம் பிள்ளைகள் ஆற்றுக்குப் போகவில்லை, முன்னோடிகள் மட்டும் ஓடக்காரர்களிடம் பயிற்சிக்குப் போனார்கள். பட்டு வேட்டி நனைய அரியநாயகமும் போனார், மனிதர் ஒரு நாளும் தவறவில்லை. யாராவது விழுந்தால் ஒருவன் குதிக்க வேண்டும். இன்னொருவன் கயிறு பிடிக்க வேண்டும். மற்றொருவன் ஆற்றுக்கு முதுகு காட்டி நின்று, கரையில் இருக்கும் பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் என்ன அலறல் கேட்டாலும் திரும்பக் கூடாது. அதுதான் கற்றுக்கொள்ளக் கடினமாக இருந்தது. தில்லைவனம் அந்த வேலையைத்தான் கேட்டு வாங்கிக்கொண்டான்.

அடுத்த ஆடிப்பெருக்கன்று காத்தாயி மாரியைக் கூட்டிக்கொண்டு படித்துறைக்கு வந்தாள். புதுக் கச்சையோடு நின்ற தில்லைவனத்தின் எதிரே நின்றாள். மாரியின் கையை விடாமலே கேட்டாள்.

"தெரியுமா, தம்பி?"

"தெரியும்க்கா. யார் விழுந்தாலும் நான் திரும்ப மாட்டேன். மாரி மேலேருந்து கண்ண எடுக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு அவன் போய், ஆற்றுக்கு முதுகு காட்டி, பிள்ளைகளைப் பார்த்து நின்றான். காத்தாயி சிறிது நேரம் அவனையே பார்த்தாள். பிறகு மாரியின் கையை விட்டாள்.