கரிச்சான் வாத்தியாரின் மான்மொழி வகுப்பு

ஆலமரத்துக் குரங்குகளுக்குப் புலி வரும் செய்தி எப்போதும் தாமதமாகத்தான் கிடைத்தது. ஆற்றங்கரை மான்கள் முன்கூட்டியே மோப்பம் பிடித்துக் கத்தும். ஆனால் என்ன கத்துகின்றன என்று ஒரு குரங்குக்கும் புரியாது. போன கோடையில் அதனாலேயே இரண்டு குரங்குகள் புலிக்கு இரையாயின.

வாலிபக் குரங்குகள் எல்லாம் மான்மொழி படிக்க வேண்டும் என்று தலைவர் கடுவன் உத்தரவு போட்டார். பல மொழி தெரிந்த கரிச்சான் குருவி வாத்தியாராக வந்தார். கூடு கட்ட ஆலமரத்தில் அவருக்கு ஒரு கிளை கிடைத்தது. கூட்டில் இப்போது மூன்று முட்டைகள்.

தன் பாடத்தின் மேல் வாத்தியாருக்கு அபார நம்பிக்கை.

"நான் மேய்ந்தேன், நீ மேய்ந்தாய், அவர் மேய்ந்தார். எங்கே, சொல்லுங்கள்!"

"நாங்க மேயவே மாட்டோமே, சார்," என்றது வால் சுருண்ட கொக்கி.

"பரீட்சைக்கு வரும். சொல்லு."

எல்லாம் சொல்லின. சொல்லிக்கொண்டே ஒன்றுக்கொன்று பேன் பார்த்தன. ஒருநாள் கொக்கி, "சார், மான்மொழியில எப்படித் திட்டுறது?" என்று கேட்டது. அன்றுதான் வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது.

"அது பாடத்தில் இல்லை," என்றார் வாத்தியார். மறுநாளிலிருந்து கொக்கி பாதி நாள் வகுப்புக்கே வரவில்லை.

இந்த நேரம் பார்த்துக் கடுவன் சோதனைக்கு நாள் குறித்தார். கேள்வி கேட்க, குரங்கு மொழி கொஞ்சம் தெரிந்த ஒரு புள்ளிமானும் வருமாம். தேறாவிட்டால் கிளையைக் காலி செய்ய வேண்டும். வாத்தியார் வழக்கமான கேள்விகள் நான்கைத் தேர்ந்தெடுத்து, முதல் பதில் கொக்கிக்கு, இரண்டாவது அடுத்ததற்கு என்று வரிசையாக உருப்போட வைத்தார்.

சோதனையன்று கொக்கியைக் காணோம். மற்றவை ஓர் இடம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தன. வாத்தியார் கவனிப்பதற்குள் மான் ஆரம்பித்துவிட்டது.

"உன் பெயர் என்ன?"

"இளம்புல்."

"என்ன சாப்பிடுவாய்?"

"சட்டென்று மரத்தில் ஏறிக்கொள்வேன்."

"புலி வந்தால் என்ன செய்வாய்?"

"மிக்க மகிழ்ச்சி, அடிக்கடி வாருங்கள்."

மான்மொழியில் ஒரு சொல்லும் அறியாத கடுவன், "அடடா, என்ன சரளம்!" என்று தலையாட்டினார். மான் குரங்கு மொழியில் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் கறுத்தது. "வாத்தியாரே, கூட்டைக் காலி பண்ணும்," என்றார். வாத்தியார் முட்டைகளைப் பார்த்தார். அவருக்கு அழுகை வந்தது.

அப்போது ஆற்றுப் பக்கமிருந்து கொக்கி ஓடி வந்தது. மான்மொழியில் ஒரு குரல் கொடுத்தது. புள்ளிமான் அடுத்த கணமே பாய்ந்து மறைந்தது.

"புலி! எல்லாரும் மேல ஏறுங்க!"

எல்லாம் ஏறின. புலி வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, வெறும் வயிற்றோடு போயிற்று.

"உனக்கு எப்படித் தெரிந்தது?" என்று கேட்டார் கடுவன்.

"மான் பசங்க சொன்னாங்க. தினமும் அவங்களோடதான் சண்டை, விளையாட்டு எல்லாம்."

"இவ்வளவு மொழி எப்படி வந்தது?"

கொக்கி வாத்தியாரைப் பார்த்தது. "சார் மட்டும் பாடம் நடத்தலைன்னா, நான் ஆத்தங்கரைப் பக்கமே போயிருக்க மாட்டேன்."

கடுவன் பூரித்துப்போய் வாத்தியாருக்கு இன்னொரு கிளையும் கொடுத்தார். வாத்தியாருக்கு மட்டும் அந்தப் பதில் சுருக்கென்று தைத்தது.

மறுநாள் வகுப்பை ஆற்றங்கரைக்கு மாற்றினார். பழக்க தோஷத்தில், "நான் மேய்ந்தேன்..." என்று ஆரம்பித்தார். பிள்ளைகளின் கண்கள் மெல்லக் காட்டுப் பக்கம் திரும்பின. வாத்தியார் மீதியை விழுங்கிவிட்டு, பக்கத்தில் நின்ற மான்குட்டியிடம் சொன்னார்:

"தம்பி, முதலில் இவர்களுக்குத் திட்டக் கற்றுக்கொடு."

பேச ஆளும் பேச ஆசையும் இல்லாதவருக்கு, எத்தனை பாடம் நடத்தினாலும் புது மொழி வராது.