சொங்கி பார்த்த இடம்

திலீபனின் நேரலை நிகழ்ச்சியை ஜனங்கள் பார்த்ததே, அவர் பக்கத்தில் உட்காரும் குரங்குப் பொம்மை சொங்கிக்காகத்தான். மேஜைக்கடியில் குந்தியிருந்து சொங்கியை ஆட்டிப் பேசவைப்பவள் மரகதம். திலீபனுக்கு வயிறு எரிந்தது.

“இன்னிக்கு அது வாயைத் திறந்து ஒரு சிரிப்பு வாங்கிச்சுன்னா உனக்கு இங்க வேலை கிடையாது.”

“பேசாம என்ன சார் பண்ணும்?”

“நான் எங்க பாக்குறேனோ அங்க பாக்கட்டும். போதும்.”

“சரிங்க சார்.”

கடலில் மகனைப் பறிகொடுத்த ஆரோக்கியமேரி அன்றைய விருந்தினர். அவர் அந்த நாளைச் சொல்லச் சொல்ல, திலீபன் உச்சுக்கொட்டியபடியே மடியிலிருந்த கைபேசியைப் பார்த்தார். சொங்கியும் கழுத்தை வளைத்து அவர் மடியை எட்டிப் பார்த்தது. பின்னாலேயே கேமராவும் போனது. அரங்கத்துத் திரையில் தெரிந்த கைபேசியில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது.

அரங்கம் சிரித்தது. சிரித்தவர்கள் யாரும் சொங்கியைப் பார்க்கவில்லை.

திலீபன் மைக்கைப் பொத்திக்கொண்டு குனிந்தார். “என்னடி இது?”

“நீங்க பாத்த இடத்தைத்தான் சார் பாத்துச்சு.”

என்ன குற்றம் சொல்லி இவளை அனுப்புவது? அவர் நிமிர்ந்தார். சிரிப்பு அடங்கியிருந்தது. ஆரோக்கியமேரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஆட்டத்தைப் பாத்து முடிங்க தம்பி. நான் இருந்து சொல்லிட்டுப் போறேன்,” என்றார்.

திலீபனுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.