இரண்டு பேருக்கும் ஒரே மருந்து

மலையடிவாரத்து ஊர் ஒன்றில் உலகம்மை என்ற வைத்தியர் இருந்தார். அவருடைய சீடர் நயினார், குருவைவிடப் பதினோரு வயது மூத்தவர். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றபின் வைத்தியம் படிக்க வந்தவர். எதையும் அளந்து பார்க்காமல் நம்பமாட்டார். அந்தப் பழக்கம் மட்டும் ஓய்வு பெறவில்லை.

ஒருநாள் காலை, பஞ்சாலையில் வேலை பார்க்கும் வேலாண்டி தன் மனைவி பரமாயியோடு வந்தான். இருவருக்கும் மூச்சு வாங்கும் இளைப்பு நோய். இரண்டு மாதமாக ஒரே சூரணத்தை ஒரே அளவில் தேனில் குழைத்துச் சாப்பிடுகிறார்கள்.

“எனக்கு மருந்து நல்லாக் கேக்குதும்மா,” என்றான் வேலாண்டி. “இவளுக்குத்தான் ஒண்ணும் கேக்கல. நடிக்கான்னு எங்கம்மை சொல்லுதா. இவ அண்ணன் வீட்டுல கொண்டு விட்டுருன்னு சொல்லுதா. நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்.”

பரமாயி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

நயினார் அகல் விளக்கை எடுத்து வந்தார். அங்கே மூச்சை அளக்கும் முறை அதுதான். ஆளை உட்காரவைத்து, இரண்டு சாண் தள்ளி விளக்கை ஏற்றிவைத்து, ஒரே மூச்சில் ஊதி அணைக்கச் சொல்வார்கள்.

வேலாண்டி ஊதினான். விளக்கு அணைந்தது. மறுபடி ஏற்றினார்கள். பரமாயி ஊதினாள். அப்போதும் அணைந்தது.

“ரெண்டு பேருக்கும் மூச்சு ஒண்ணுதான், மருந்தும் ஒண்ணுதான்,” என்றார் நயினார். “அப்ப இந்தம்மாவுக்கு மட்டும் ஏன் கேக்கல? நோய் மனசுலன்னு எழுதிரலாமாம்மா?”

பரமாயிக்குக் கண் நிறைந்துவிட்டது. நயினார் கெட்டவர் இல்லை. விளக்கை நம்பினார், அவ்வளவுதான். ஆனால் அவர் எழுதப்போகும் ஒரு வரியில் அவளுடைய குடித்தனம் போய்விடும்.

உலகம்மை வேலாண்டியின் பக்கம் திரும்பினார்.

“நேத்து உனக்கு இளைப்பு வந்துச்சா?”

“வந்துச்சும்மா. வேலை விட்டு வந்ததும்.”

“என்ன செஞ்ச?”

“சாஞ்சு உக்காந்தேன். இவ வெந்நி வச்சுக் குடுத்தா. மருந்தக் குழைச்சுக் குடுத்து, முதுகத் தடவிவிட்டா. அரை மணி நேரத்துல அடங்கிருச்சு.”

“உனக்கு எப்ப வந்துச்சு தாயி?”

“அப்பந்தாம்மா,” என்றாள் பரமாயி. “அவுகளுக்கு வெந்நி வைக்கையில.”

“மருந்து சாப்பிட்டியா?”

“எல்லாரும் சாப்பிட்டு, ஏனமெல்லாம் கழுவிக் கவுத்திட்டுச் சாப்பிட்டேன்.”

“உக்காந்தா?”

“நின்னுக்கிட்டேதாம்மா.”

“இப்ப விளக்கை ஊதுனது உக்காந்துதானே?”

“ஆமாம்மா.” அவள் கொஞ்சம் யோசித்தாள். “நேத்துக் காலையில எந்திரிச்சதுக்குப் பொறவு, இப்பத்தான் மூச்சு ஆறுற மாதிரி உக்காந்தேன்.”

வேலாண்டி அவள் பக்கம் திரும்பினான்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?” என்றான் வேலாண்டி. அவன் குரல் இறங்கிப்போயிருந்தது.

“உங்களுக்குத்தான் அப்ப முடியலையே,” என்றாள் பரமாயி.

நயினாருக்கு மனசு கலங்கத்தான் செய்தது. ஆனாலும் வாத்தியார் புத்தி விடவில்லை.

“இருந்தாலும், ரெண்டு பேருக்கும் நாம குடுத்தது ஒரே மருந்துதானேம்மா?”

உலகம்மை அவருடைய நோட்டை வாங்கிப் பார்த்தார். இரண்டு பெயருக்கு நேரேயும் சூரணம், அளவு, சேர்த்துக் கொடுப்பது தேன் என்று எழுதியிருந்தது. கையெழுத்து முத்துமுத்தாக இருந்தது.

“வேலாண்டிக்குத் தப்பா எழுதியிருக்கீரு, நயினாரே.”

“அளவு தப்பாம்மா?”

“அளவு சரிதான். அவனுக்குத் தேனோட பரமாயியையும் சேத்துல்லா குடுத்திருக்கோம்?” நோட்டை அவரிடமே திருப்பிக் கொடுத்தார். “இவளுக்கு யாரைச் சேத்துக் குடுத்தோம்னு எழுதும்.”

நயினார் பேனாவைத் திறந்தார். பரமாயியின் பெயருக்கு நேரே, தேனுக்குப் பக்கத்தில் அதை வைத்துக்கொண்டு வேலாண்டியைப் பார்த்தார்.