இளவரசியின் ஆறிப்போன இட்லி

முன்னொரு காலத்தில், எந்த நாடு எந்த ஆறு என்று என்னைக் கேட்காதீர்கள், ஓர் அரசர் இருந்தார். அவருக்கு அடங்காத பகைவர் நாட்டில் ஒருவரும் இல்லை. வீட்டில்தான் ஒருத்தி இருந்தாள். பெயர் கோதைநாச்சி, வயது நான்கு. காலையில் அவளை வாய் திறக்க வைக்க அந்த அரண்மனையில் யாராலும் முடியவில்லை.

சமையல்காரர் சடையாண்டி செய்து பார்க்காத பலகாரம் இல்லை. காசளவு இட்லி வார்த்தார். இடியாப்பத்தில் தேங்காய்ப்பால் ஊற்றினார். பனைவெல்லம் போட்டுக் குழிப்பணியாரம் சுட்டார். ஒரு நாள் புட்டை யானை போலப் பிடித்து, மிளகால் கண்ணும் வைத்து அனுப்பினார். போன யானை போனபடியே திரும்பி வந்தது.

குழந்தை மெலிந்தாள். அரசருக்குக் கோபம் வந்தது. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். அரண்மனைக்கு இளைத்தவன் சமையல்காரன்தானே?

"நாளைக் காலையும் இளவரசி உண்ணாமல் எழுந்தால், சடையாண்டி தன் குடும்பத்தோடு இந்த நாட்டை விட்டு வெளியேற வேண்டும்" என்றார் அரசர்.

சடையாண்டியின் மனைவி அப்போது நிறைமாதம். மனிதர் சபையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அந்தச் சபையில் பிச்சாண்டி என்றொரு விகடகவி இருந்தான். வழக்கமாக எதற்கும் ஒரு வேடிக்கை சொல்கிறவன், அன்று சிரிக்காமல் எழுந்து நின்றான்.

"மகாராஜா, நாளைக் காலை அந்தப் பொறுப்பை என்னிடம் விடுங்கள். இளவரசி உண்ணவில்லை என்றால் சடையாண்டியோடு நானும் போகிறேன்."

இதற்காகவே காத்திருந்தவர் போல முன்னால் வந்தார் அரண்மனைக் காவல் தலைவர் விருத்தகிரி. அரசர் பிச்சாண்டியின் பேச்சுக்குச் சிரிக்கும்போதெல்லாம் அவருக்கு வயிறு எரியும்.

"விடலாம், மகாராஜா. ஆனால் கொஞ்சக் கூடாது, கெஞ்சக் கூடாது, கதை சொல்லி ஏமாற்றக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, சோதிக்காத உணவை இளவரசிக்குக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் விதிப்படி தலை போகும்."

"ஒப்புக்கொள்கிறேன்" என்றான் பிச்சாண்டி. "எனக்கும் ஒரு வேண்டுதல். நாளை மகாராஜா இளவரசியின் பக்கத்தில் அமர்ந்து, அதே உணவை, அதே முறைப்படி உண்ண வேண்டும்."

அரசர் தயங்கினார். இரண்டு வருடங்களுக்கு முன் ராணி இறந்தபின் அவர் மகள் இருந்த கட்டுக்குள் போனதே இல்லை. குழந்தைக்கு ராணியின் முகம். அதைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை. ஆனாலும் சபையில் மறுக்க முடியாமல் தலையசைத்தார்.

அந்தச் சோதனை விதி என்ன என்று சொல்லிவிடுகிறேன். ராணி இறந்தது காய்ச்சலில். வைத்தியரும் அப்படித்தான் சொன்னார். விருத்தகிரி மட்டும், "விஷமாக இருக்குமோ?" என்று அரசர் காதில் ஒரு வார்த்தை போட்டு வைத்தார். அதிலிருந்து குழந்தையின் உணவை முதலில் ஒரு சோதகன் தின்ன வேண்டும். பிறகு துளையிட்ட செம்பு வட்டிலைத் தண்ணீரில் மிதக்க விட வேண்டும். வட்டில் நிரம்பி அடியில் அமிழ ஒரு நாழிகை ஆகும். அதற்குள் சோதகன் சாகாவிட்டால் குழந்தை சாப்பிடலாம்.

மறுநாள் காலை அரசர் மகளின் பக்கத்தில் அமர்ந்தார். இட்லி ஆவி பறக்க வந்தது. சோதகன் குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடி ஒரு துண்டை விழுங்கினான். வட்டில் மிதந்தது. விருத்தகிரி, வைத்தியர், காவலர்கள் எல்லோரும் சோதகனின் தொண்டையையே பார்த்தார்கள். குழந்தையும் பார்த்தாள்.

வட்டில் அமிழ்ந்தது. "சாகவில்லை. உண்ணலாம்" என்றார் விருத்தகிரி.

அரசர் இட்லியை எடுத்தார். ஆறி விறைத்திருந்தது. நெய் உறைந்து கிடந்தது. வாயருகே கொண்டுபோனபோது, அத்தனை கண்களும் இப்போது தன் வாயைப் பார்ப்பதைக் கண்டார். அவருக்கு வாய் திறக்க வரவில்லை. கீழே வைத்துவிட்டார். பக்கத்தில் குழந்தையும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்த நேரம் முற்றத்திலிருந்து "சுர்" என்று ஒரு சத்தம் வந்தது. நல்லெண்ணெய் வாசனை பின்னாலேயே வந்தது. அங்கே சடையாண்டி தோசை வார்க்க, பிச்சாண்டி சம்மணம் போட்டுச் சுடச்சுடத் தின்றுகொண்டிருந்தான்.

"அது என்ன?" என்றார் அரசர்.

"என் காலை உணவு, மகாராஜா. விகடகவி செத்தால் யாருக்கு என்ன? அதனால் இதை யாரும் சோதிப்பதில்லை."

குழந்தை எழுந்தாள். நேராக முற்றத்துக்கு ஓடி, அவன் இலையிலிருந்து ஒரு துண்டைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"நில்லுங்கள்!" என்று கத்தினார் விருத்தகிரி. "சோதிக்காத உணவு! இவன் தலை போக வேண்டும், மகாராஜா!"

"நான் எங்கே கொடுத்தேன், பிரபு? கொடுக்கக் கூடாது என்றுதான் விதி. இளவரசி தாமாக எடுக்கக் கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லையே. தவிர, இதில் பாதி என் வயிற்றில் இருக்கிறது."

குழந்தை துண்டை வாயில் வைக்கவில்லை. பிச்சாண்டியை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்:

"இதைச் சாப்பிட்டா செத்துப் போவாங்களா?"

பிச்சாண்டி அரசரைப் பார்த்தான்.

அரசர் வந்தார். வெறுந்தரையில் உட்கார்ந்து, அதே இலையிலிருந்து பிட்டு வாயில் போட்டு மென்றார்.

"சாக மாட்டாங்கம்மா. பாரு, அப்பாவும் சாப்பிட்டேன்."

"அம்மா?"

"அம்மா காய்ச்சல்ல போனாங்க. சாப்பாட்டால இல்லம்மா."

இரண்டு வருடமாக யாரும் அந்தப் பிள்ளையிடம் சொல்லாதது இது. அவள் அப்பாவின் தொண்டையைச் சிறிது நேரம் பார்த்தாள். பிறகு தின்றாள். இன்னொரு துண்டு எடுத்தாள். அரசர் எல்லோர் முன்னிலும் அழுதார். அவர் அழுததில் என்ன குற்றம்?

நான்காவது துண்டைக் குழந்தை திருப்பிப் பார்த்து, முகம் சுளித்து, அப்பாவின் வாயில் திணித்தாள். "இது கருகல். நீங்களே சாப்பிடுங்க."

அழுதுகொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். அரண்மனை அந்தச் சிரிப்பைக் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

"பிச்சாண்டி, என்ன வேண்டும் கேள்."

"சோதனையை நிறுத்த வேண்டாம், மகாராஜா. விருத்தகிரி பிரபுவின் மனம் நோகும். சோதகரை மட்டும் மாற்றுங்கள். இளவரசி இன்று ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்."

அரசர் மறுபடி சிரித்து, தம் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். சடையாண்டியின் அடுப்பு அந்த முற்றத்திலேயே நிலைத்தது. பழைய சோதகன் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கப் போனான். ஆறிப்போன இரண்டு தட்டு இட்லியையும் விருத்தகிரி அங்கேயே தின்று முடிக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. எல்லோரும் சுற்றி நின்று அவர் வாயையே பார்த்தார்கள்.

அதன்பின் தினமும் காலையில் அரசர் அடுப்படியில் அமர்ந்து முதல் துண்டைத் தின்பார். "அப்பா, இருக்கீங்களா?" என்று குழந்தை கேட்பாள். "இருக்கேம்மா" என்பார். பிறகுதான் அவள் கை இலைக்குப் போகும்.

சில மாதங்களில் அவள் கேட்பதை மறந்துபோனாள். அரசர் மறக்கவில்லை. அவள் கேட்காவிட்டாலும், "இருக்கேம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த துண்டைப் பிய்ப்பாராம்.